புதிய டொமைன் எக்ஸ்டென்ஷன்களில் காசு போடலாமா? முதன்முறை வாங்குபவருக்குப் படிப்படியாக

போன மாதம் ஒரு பின்னேரம் சித்தியின் மகன் கோண்டாவிலில் இருந்து மடிக்கணினியோடு வந்தான். திரையில் 14 இணைய முகவரிப் பெயர்கள் தெரிவு செய்யப்பட்டு, காசு கட்டுகிற பக்கம் திறந்திருந்தது. எல்லாம் டொட் ஸ்டோர், டொட் ஒன்லைன், டொட் சைட் வகை. முழு முகவரிப் பெயரை டொமைன் என்றும், புள்ளிக்குப் பின்னால் வருகிற இந்தப் பகுதியை எக்ஸ்டென்ஷன் என்றும் சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை டொலர்.

"அண்ணை, மொத்தமே 21 டொலர்தான். ரெண்டு வருசத்தில ஒண்டு வித்தாலும் காணும்."

"காசு கட்டாத, முதல் கொஞ்சம் பொறு" என்று சொல்லி அவனோடு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். அன்றைக்கு அவனுக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனைப் போல கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது நிறையப் பேர்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புதிய எக்ஸ்டென்ஷனில் ஒரு பெயரை உங்கள் தொழிலுக்குப் பயன்படுத்த வாங்குவது நல்ல காரியம். விற்று இலாபம் எடுக்க வாங்கி அடுக்கி வைப்பது, புதிதாகத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் நட்டம். ஏன் என்பதைப் படிகளில் பார்ப்போம்.

படி 1: எதை வாங்குகிறோம் என்று விளங்கிக்கொள்ளுங்கள்

டொமைன் வாங்குவது இணையத்தில் காணி வாங்குவது மாதிரி என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் காணி என்றால் நொத்தாரிசிடம் போய் உறுதி முடித்து, எல்லைக் கல்லுப் போட்டு, பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது. டொமைனுக்கு உறுதி கிடையாது. இது குத்தகை. ஆகக்கூடியது 10 வருடத்துக்கு முன்கூட்டியே கட்டலாம். கட்டாமல் விட்டால் காணி சொந்தக்காரனிடம் திரும்பிப் போய்விடும்.

அந்தச் சொந்தக்காரன் யார்? ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் ஒரு பதிவகம் நடத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்துகிற ஐகான் என்ற அமைப்பு இருக்கிறது. டொட் கொம், டொட் ஓஆர்ஜி போன்றவை 1985 இல் வந்தவை. 2012 இல் புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு ஐகான் கதவைப் பெரிதாகத் திறந்தது. விண்ணப்பக் கட்டணமே 185,000 டொலர், அப்படியிருந்தும் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. 2013 ஒக்டோபரில் இருந்து ஒவ்வொன்றாக வெளியாகி, 1,200 க்கு மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் பாவனைக்கு வந்துவிட்டன. கூகிள் டொட் ஆப்பை எடுக்க ஏலத்தில் கொடுத்தது 2.5 கோடி டொலர். டொட் வெப் 2016 இல் 13.5 கோடி டொலருக்குப் போனது.

இவ்வளவு காசு போட்டவர் அதை யாரிடம் இருந்து எடுப்பார்? வாங்குகிற எங்களிடம் இருந்துதான். அடுத்த படி அதைப் பற்றியது.

படி 2: புதுப்பிப்புக் கட்டணத்தைத் தேடிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் வாசிப்பீர்கள் என்றால், இதை வாசியுங்கள்.

விற்பனைத் தளத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் வருட விலை. அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், சின்னதாக இன்னொரு எண் இருக்கும். சில தளங்களில் அதைப் பார்க்க விலைப்பட்டியல் பக்கத்துக்கே போகவேண்டும். தம்பியின் திரையில் அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினேன்: 33 டொலர். முதல் வருடம் ஒன்றரை, இரண்டாம் வருடத்தில் இருந்து முப்பத்து மூன்று.

ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினோம். 14 பெயருக்கு முதல் வருடம் 21 டொலர். இரண்டாம் வருடம் 462 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று பிடித்தால், இரண்டாம் வருடப் புதுப்பிப்பு மட்டும் 138,600 ரூபா. இரண்டு வருடம் வைத்திருக்க மொத்தம் 483 டொலர். விற்பனைச் சந்தைகள் கழிவாக நூற்றுக்கு 15, 20 என்று எடுக்கும். 20 போனால், ஒரு பெயரைக் குறைந்தது 604 டொலருக்கு விற்றால்தான் போட்ட காசே திரும்பும். அவன் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எனக்கு இது சொந்த அனுபவம். 2021 டிசம்பரில் எட்டுப் பெயர்களை 12 டொலருக்கு வாங்கினேன். அப்போது டொலர் 200 ரூபா, ஆக 2,400 ரூபாதான். அடுத்த வருடம் என்ன நடந்தது என்று இலங்கையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பரில் டொலர் 365 ரூபா அளவில் நின்றது. பெயர் ஒன்றுக்கு 32 டொலர்ப்படி வந்த புதுப்பிப்புக் கணக்கு 93,000 ரூபாவைத் தாண்டியது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று களைத்த வருடம் அது. ஏழு பெயர்களைக் கைவிட்டேன். அந்த ஒரு வருடத்தில் அவற்றில் ஒன்றைப் பற்றியாவது ஒருவரும் கேட்டு எழுதவில்லை.

ரூபாவில் உழைத்து டொலரில் குத்தகை கட்டுகிறோம் என்பதை மறக்கவே கூடாது.

இன்னொரு விஷயம். டொட் கொம்முக்கு, பதிவகம் விற்பனைத் தளங்களிடம் எடுக்கிற மொத்த வியாபார விலைக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருக்கிறது. 2024 செப்டெம்பரில் அந்த விலை 10.26 டொலர் ஆனது. 2012 சுற்றில் வந்த எக்ஸ்டென்ஷன்களுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. 2017 இல் ஒரு பதிவகம் சில எக்ஸ்டென்ஷன்களின் விலையைப் பல மடங்கு ஏற்றியது. பாதுகாப்பாக இருப்பது ஒன்றுதான்: புதுப்பிப்பு விலையை ஏற்ற 180 நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். ஒரு பெயரை உண்மையாகவே பாவிக்கப் போகிறீர்கள் என்றால், அந்த இடைவெளியில் பழைய விலைக்கே பல வருடங்களுக்குக் கட்டி வைத்துவிடலாம்.

"பிரீமியம்" என்று குறி போட்டு, கூடின விலை வைத்த பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். சிலவற்றில் அந்தப் பெரிய விலை முதல் வருடத்துக்கு மட்டும். சிலவற்றில் வருடா வருடம் அதே விலை.

படி 3: புள்ளிக்குப் பின்னால் இரண்டெழுத்தா என்று பாருங்கள்

இரண்டெழுத்து என்றால் அது ஒரு நாட்டின் அல்லது பிரதேசத்தின் குறியீடு. டொட் ஏஐ என்பது செயற்கை நுண்ணறிவுக்காக உருவானதில்லை, கரீபியனில் உள்ள அங்குவிலா தீவுக்குரியது. டொட் டிவி துவாலுவுடையது. டொட் ஐஓ பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசத்துக்குரியது. அந்தத் தீவுகளை மொரீஷியஸிடம் கையளிக்கும் உடன்படிக்கையில் பிரித்தானியா 2025 மே மாதம் கையெழுத்திட்டது. நாட்டுக்குறியீடு இல்லாமல் போனால் எக்ஸ்டென்ஷனும் காலப்போக்கில் இல்லாமல் போகலாம். யூகோஸ்லாவியாவின் டொட் வையூ 2010 இல் அப்படித்தான் நீக்கப்பட்டது. டொட் ஐஓவுக்கு நாளைக்கே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் சேமிப்பைப் போடுகிறவர் இதைத் தெரிந்து போடவேண்டும்.

இலவசமாகக் கிடைத்த டொட் டிகே போன்றவற்றைச் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். கொடுத்த நிறுவனம் 2023 இல் புதிய பதிவுகளை நிறுத்தியது. அவ்வளவுதான், அந்தக் கதை முடிந்தது.

படி 4: விற்ற விலைகளைப் பாருங்கள், கேட்ட விலைகளை விடுங்கள்

சந்தைத் தளங்களில் 5,000 டொலர், 20,000 டொலர் என்று போட்டிருப்பது கேட்கிற விலை. திருநெல்வேலிச் சந்தையில் யாரும் எந்த விலையும் சொல்லலாம், மாம்பழம் எத்தனைக்குப் போனது என்பதுதான் கணக்கு. நேம்பயோ என்ற தளத்தில் உண்மையாக விற்ற விலைகளின் பதிவு இருக்கிறது. நீங்கள் நினைக்கிற எக்ஸ்டென்ஷனைப் போட்டுத் தேடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை, என்ன விலைக்கு, எந்த மாதிரிச் சொற்கள் என்று பாருங்கள்.

நல்ல விற்பனைகளும் உண்டு. 2018 இல் "வெக்கேஷன் டொட் ரென்டல்ஸ்" ஐந்து லட்சம் டொலருக்குச் சற்று மேலாக விற்றது. அதே வருடம் "ஹோம் டொட் லோன்ஸ்" ஐந்து லட்சத்துக்குப் போனது. கவனித்தீர்களா? புள்ளியை எடுத்துவிட்டால் இரண்டும் மக்கள் வாயில் வருகிற சொற்றொடர்கள். புள்ளியின் இரு பக்கமும் சேர்ந்து ஒரே பேச்சாக வரவேண்டும். "கண்டி டொட் நின்ஜா" போன்றவற்றில் அந்தப் பொருத்தம் இல்லை, அதற்கு வாங்குபவரும் இல்லை. இரு பக்கமும் பொருந்துகிற நல்ல பெயர்களைப் பதிவகங்கள் தொடக்கத்திலேயே பிரீமியமாக ஒதுக்கி வைத்துவிட்டன. ஒன்றரை டொலருக்கு எங்களுக்குக் கிடைப்பது அவர்கள் வேண்டாம் என்று விட்ட மிச்சம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். கைத்தொலைபேசிக் காலம் வருகிறது என்று 2006 இல் டொட் மோபி வந்தது. "ஃப்ளவர்ஸ் டொட் மோபி" அந்த வருடம் 200,000 டொலருக்கு விற்றது. பிறகு அதே பெயர் பத்தாயிரம் டொலரைக்கூடத் தொடாமல் கைமாறியது. கைத்தொலைபேசிக் காலம் உண்மையாகவே வந்தது. ஆனால் எல்லாத் தளங்களும் கைத்தொலைபேசியில் திறக்கத் தொடங்கியதும், அதற்கென்று தனியான ஒரு முகவரி ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

பெயர் விற்பவர்கள் சாதாரணமாகச் சொல்லும் கணக்கு, 100 நல்ல பெயர் இருந்தால் வருடத்தில் ஒன்றோ இரண்டோ விற்கும். அதுவும் பெரும்பாலும் டொட் கொம்மை வைத்துச் சொல்வது.

படி 5: தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள்

நெல்லியடியில் மச்சான் ஒரு கடை வைத்திருக்கிறார். பில் புத்தகத்தில் கடையின் பெயரோடு டொட் ஸ்டோர் என்று அடித்திருந்தார். ஒரு நாள் கடையில் இருந்தபோது ஓடர் எடுக்கிற அழைப்பு வந்தது. முகவரியை மூன்று தடவை சொன்னார். மறுமுனையில் இருந்தவர் ஒவ்வொரு தடவையும், "ஸ்டோர் டொட் கொம் தானே?" என்றார். கடைசியில் மச்சான் வட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பிவிட்டார்.

நீங்களும் செய்து பாருங்கள். வீட்டில் வயதான ஒருவருக்கு அழைத்து முகவரியைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சரியாக எழுதினால் அந்தப் பெயர் நல்ல பெயர். சில இணையப் படிவங்கள் நீளமான எக்ஸ்டென்ஷன் உள்ள மின்னஞ்சலை இன்னும் ஏற்பதில்லை. மலிவாகக் கிடைப்பவற்றை மோசடிக்காரர் மொத்தமாக வாங்குவதால், சில எக்ஸ்டென்ஷன்களில் இருந்து வரும் அஞ்சல் நேரே ஸ்பாமுக்குப் போவதும் உண்டு. தேடலில் பின்தங்கிவிடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். எல்லா எக்ஸ்டென்ஷனையும் ஒரே மாதிரித்தான் நடத்துகிறோம் என்று கூகிள் 2015 இலேயே சொல்லியிருக்கிறது.

படி 6: பெயரின் பழைய கதையையும் பாருங்கள்

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைப் போட்டால் முன்பு அங்கே என்ன இருந்தது என்று தெரியும். சூதாட்டத் தளமாக இருந்திருந்தால் விட்டுவிடுங்கள். பிரபலமான நிறுவனத்தின் பெயர் உள்ள எதையும் தொடாதீர்கள். வர்த்தகக் குறிக்காரர் பெயரைப் பறித்தெடுக்க 1999 இலிருந்தே ஒரு நடைமுறை இருக்கிறது, புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு அதைவிட வேகமான இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது.

வாங்கிய பிறகு ஒரு மின்னஞ்சல் வரலாம்: "உங்கள் பெயருக்கு 18,000 டொலர் தருகிறேன், இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுத்து அனுப்புங்கள்." அந்தச் சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் காசுதான் அவர்களுடைய வருமானம். பதில் போடவே வேண்டாம்.

படி 7: வாங்குவதென்றால் இப்படி

கணக்கு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். தளம் செய்து தருகிற பெடியனின் பெயரில் டொமைன் இருந்து, அவர் கனடா போனபிறகு அல்லாடிய கடைக்காரர்களை எனக்குத் தெரியும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். பாவிக்கிற பெயருக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை வைத்து, சோதனைக்கு வாங்கியதற்கு வாங்கிய அன்றே நிறுத்திவிடுங்கள். புதிய பெயரைப் பொதுவாக 60 நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. காலாவதியானால் சில நாள் சலுகை இருக்கும், அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக்காலம். அந்தக் காலத்தில் மீட்பதற்குத் தனியாகப் பெரிய கட்டணம் கேட்பார்கள்.

டொட் இலங்கை பற்றி

இது முதலீட்டுக் கணக்கில் வராது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2010 இலேயே எங்களுக்குத் தமிழ் எழுத்தில் "இலங்கை" என்று முடியும் முகவரி கிடைத்துவிட்டது. இந்தியா, சிங்கப்பூருக்கும் தமிழில் உண்டு. உள்ளே அது எக்ஸ்என் என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித்தான் வேலை செய்கிறது. அதனால் சில செயலிகளில் ஒட்டும்போது தமிழ் மறைந்து அந்தக் கோவை தெரியும். மின்னஞ்சலுக்கும் இன்னும் வசதி குறைவு. மறுவிற்பனைக்கு இதை வாங்காதீர்கள். ஆனால் ஒரு நூலகத்துக்கோ, சனசமூக நிலையத்துக்கோ, கோயில் திருவிழாவுக்கோ, டொட் எல்கே முகவரியோடு சேர்த்துத் தமிழ் முகவரியையும் வைத்து, சுவரொட்டியில் தமிழில் போடுங்கள். பாவித்தால்தான் செயலிகள் செய்கிறவர்கள் திருத்துவார்கள்.

30,000 ரூபா இருந்தால் நான் செய்வது

உள்ளூர்த் தொழிலுக்கு ஒரு டொட் எல்கே. வெளிநாட்டிலும் ஆக்கள் வாங்குவார்கள் என்றால் ஒரு டொட் கொம். இரண்டும் சேர்ந்த பிறகு மிச்சத்தில், உண்மையாகவே பொருந்துகிற ஒரேயொரு புதிய எக்ஸ்டென்ஷன், அதுவும் மூன்று வருடத்துக்கு முன்கூட்டியே கட்டி. வேறொன்றும் வாங்கமாட்டேன்.

தம்பி 14 இல் 13 ஐ அழித்தான். மிஞ்சியது அவனுடைய அம்மா செய்கிற புழுக்கொடியலும் பனங்கட்டியும் விற்பதற்கு நினைத்த டொட் ஸ்டோர் பெயர். அதற்கும் உடனே காசு கட்டவில்லை. முற்றத்துக்குப் போய், லண்டனில் இருக்கிற பெரியம்மாவுக்கு அழைத்து முகவரியைச் சொன்னான். அவர் எழுதி வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார். கடைசியில் டொட் கொம் என்று இருந்தது. அந்தப் பெயர் டொட் கொம்மில் காலியாக இருக்கிறதா என்று தேடினான், இருந்தது. புதுப்பிப்பு விலை எவ்வளவு என்று அவனே கீழே உருட்டிப் பார்க்கத் தொடங்கினான்.