ஒன்ராறியோவுக்குப் புதுசா வந்த சோடியளுக்கு: ஐயுஐ (பிள்ளை தங்கிறதுக்கு விந்தைக் கர்ப்பப்பைக்குள்ளை விடுற சிகிச்சை) செய்யப் போறியள் எண்டால்

இங்கை வந்து வேலை, வாடகை, லைசென்ஸ் எண்டு ஓடுற முதல் வருசத்திலை பிள்ளை விசயத்தை "எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு பாப்பம்" எண்டு தள்ளி வைக்கிற ஆக்கள் கனபேர், நாங்களும் அப்பிடித்தான் செய்தனாங்கள். ஒரு வருசமா முயற்சி செய்தும் சரிவரேல்லை எண்டால், பொம்பிளைக்கு 35 வயசு தாண்டியிருந்தால் ஆறு மாசத்திலையே, தயவுசெய்து பொறுத்திருக்காதேங்கோ. ஹெல்த் கார்ட் கைக்கு வந்த உடனை பமிலி டொக்டரிட்டை போய் பெர்ட்டிலிட்டி கிளினிக்குக்கு ரெபரல் கேளுங்கோ, பமிலி டொக்டர் இன்னும் கிடைக்கேல்லை எண்டால் வோக்-இன் டொக்டரும் எழுதித் தரலாம்.

காசுக்குப் பயந்துதான் கனபேர் வாயே திறக்கிறேல்லை. 2015 டிசம்பரிலை இருந்து ஒன்ராறியோ அரசாங்கம் இதுக்குக் காசு குடுக்குது, அந்தத் திட்டத்திலை சேந்த கிளினிக்கா பாத்துப் போனால் ஐயுஐ எத்தினை தரமும் செய்யலாம், ஐவிஎஃப் (முட்டையையும் விந்தையும் உடம்புக்கு வெளியிலை சேத்துக் கருவாக்கி உள்ளுக்கை வைக்கிறது) எண்டால் 43 வயசுக்கு முதல் வாழ்நாளிலை ஒரு தரம். மருந்துக்காசு எங்கடை கையாலைதான். வேலையிடத்து இன்சூரன்ஸ் மருந்துக்குக் குடுக்குமோ எண்டு முதலே கேட்டு வையுங்கோ. பில் எல்லாத்தையும் எறியாமல் வையுங்கோ, 2025 வரிக் கணக்கிலை இருந்து ஒன்ராறியோவிலை இதுக்கெண்டு தனியா ஒரு சலுகை இருக்கு, கட்டின காசிலை 25 வீதம், ஆகக்கூடினது 5,000 டொலர் திரும்பி வரும்.

முதல் விசிட்டுக்கு ரெண்டுபேரும் போங்கோ. இதை நான் அழுத்திச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு, எங்கடை விசயத்திலை எட்டு மாசமா எனக்கு மட்டும்தான் ரெஸ்ற் நடந்தது, கடைசியிலை அவரைப் பாக்கேக்கைதான் விந்தணு எண்ணிக்கை குறைவு எண்டு தெரிஞ்சது. ஆம்பிளைக்கு ஒரு விந்துப் பரிசோதனை, பொம்பிளைக்கு ரத்தம், ஸ்கான், கருக்குழாய் திறந்திருக்கோ எண்டு பாக்கிற எக்ஸ்ரே. ரெண்டு குழாயும் அடைச்சிருந்தால் ஐயுஐ சரிவராது, அதாலை இதை முதலே பாக்கவேணும்.

பீரியட் வந்த முதல் நாளே கிளினிக்குக்கு போன் பண்ணவேணும். லெட்ரோசோல் இல்லாட்டி குளோமிஃபின் குளிசை அஞ்சு நாள் தருவினம். பிறகு காலமை வெள்ளெனப் போய் ரத்தம் குடுத்து ஸ்கான் செய்யிறது, சனி ஞாயிறு எண்டும் பாக்கேலாது, வேலையிடத்திலை "மெடிக்கல் அப்பொயின்ட்மென்ட்" எண்டு மட்டும் சொன்னால் காணும். ஸ்கான் கனக்க நேரம் உள்ளுக்காலைதான் செய்வினம், ஊரிலை வயித்துக்கு மேலாலை மட்டும் பாத்த எனக்கு முதல் நாள் கையும் காலும் நடுங்கினது. பொம்பிளை ஆள் வேணும் எண்டு கேக்கலாம், கேக்கிறதிலை வெக்கம் ஒண்டும் இல்லை.

முட்டை முத்தினாப்போலை ஒரு ஊசி, அதுக்குப் பிறகு 24 இலை இருந்து 36 மணித்தியாலத்துக்குள்ளை ஐயுஐ. அண்டைக்குக் காலமை அவர் குடுக்கிற விந்தைக் கழுவி, நல்லா ஓடுற அணுக்களைப் பிரிச்சு, மெல்லிய குழாயாலை கர்ப்பப்பைக்குள்ளை விடுவினம். ஒரு சில நிமிசம்தான், பீரியட் வலி மாதிரி கொஞ்சம் இழுக்கும். ஒரு பத்து நிமிசம் படுத்திருந்திட்டு எழும்பிப் போகலாம், நாள் கணக்கிலை படுக்கத் தேவையில்லை, மாமி போனிலை என்ன சொன்னாலும்.

ரெண்டு கிழமைக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை. 35 வயசுக்குக் கீழை உள்ள ஆக்களுக்கே ஒரு தரத்துக்கு நூறிலை பத்துத் தொடக்கம் இருவது பேருக்குத்தான் தங்கும், வயசு போகப் போக அதுவும் குறையும். முதல் தரம் இல்லை எண்டு போன் வந்தபோது நான் பிழையா எதையோ செய்திட்டன் எண்டு நினைச்சு மூண்டு நாள் சாப்பிடேல்லை, அந்தக் கணக்கை ஆரும் எனக்கு முதலே சொல்லியிருந்தால் அப்பிடி உடைஞ்சிருக்க மாட்டன். மூண்டு நாலு தரம் செய்தும் சரிவரேல்லை எண்டால் ஐவிஎஃப் பற்றி டொக்டரோடை கதையுங்கோ. அரசாங்கக் காசிலை ஐவிஎஃப் செய்ய லிஸ்ற்றிலை காத்திருக்கவேண்டி வரும், அதாலை ஐயுஐ நடக்கிற நேரத்திலையே பேரைப் போட ஏலுமோ எண்டு கேட்டு வையுங்கோ.