டொங்கிள் டாக், சின்ன அம்ப்: எது நல்லாக் கேட்குது என்று வீட்டிலேயே பார்க்கிற முறை

வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வரும் காலம் வந்தால் மட்டக்களப்பில் எனக்கு ஒரே கேள்விதான் வரும்: "அண்ணே, மாமா கட்டாரில இருந்து வாறார், எந்த டாக் கொண்டுவரச் சொல்ல?" டாக் என்பது போனில் உள்ள டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கான மின்னலையாக மாற்றும் சாமான், டொங்கிள் போனில் செருகும் அதன் சின்ன வடிவம், அம்ப் அந்த அலைக்கு வலுச் சேர்ப்பது. கேட்கிறவரிடம் ஏற்கனவே ஒரு டொங்கிள் இருக்கும், கூட்டாளியிடம் இன்னொன்று இருக்கும், இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு "அவன்ட நல்லா இருக்கு" என்று முடிவும் எடுத்திருப்பார். அந்த முடிவைத்தான் நான் நம்புவதில்லை. சத்தத்தைச் சரிசமமாக்காமல் கேட்ட எந்த ஒப்பீடும் எது கூடச் சத்தம் போடுகிறது என்பதை மட்டுமே சொல்லும். காசு கொடுத்து வாங்கப் போகிற விசயம், அதனால் ஒரு பின்னேரம் ஒதுக்கி ஒழுங்காகச் செய்து பாருங்கள்.

முதலில் காதைப் பற்றி ஒன்று. சத்தம் கூடக் கூட நம் காதுக்கு அடித்தொனியும் உச்சத்தொனியும் நிறைந்து கேட்கும். ஒலி ஆய்வாளர்களான பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், வித்தியாசம் அரை டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) போலச் சின்னதாக இருக்கும்போது அது "சத்தம் கூட" என்று தெரியாது, "தெளிவு கூட", "பாட்டுக்குள்ள இடம் இருக்கு" என்றுதான் தெரியும். இரண்டு டொங்கிளுக்கு இடையில் அரை டெசிபெல் என்ன, 6 டெசிபெல்லே இருக்கலாம். ஆப்பிளின் யூஎஸ்பி-சி டொங்கிளையே எடுங்கள்: அமெரிக்காவில் விற்பது ஏறக்குறைய 1 வோல்ட் தரும், ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான், பார்வைக்கு இரண்டும் ஒன்று. பிரான்சில் இருந்து வந்ததையும் அமெரிக்காவில் இருந்து வந்ததையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் யாருக்கும் அமெரிக்காதான் பிடிக்கும். அதோடு பல அண்ட்ரொயிட் போன்களில் இந்த டொங்கிள் முழுச் சத்தம் தராது, அதைப் பார்த்து "இது சரியில்லாத சாமான்" என்று தூக்கிப் போடவும் கூடாது.

சரி, சமப்படுத்துவது எப்படி? மல்டிமீட்டர் வேண்டும். ஆனால் கடையில் மலிவாகத் தொங்குகிற மஞ்சள் நிற 830 வகை மீட்டர் இதற்கு உதவாது. அதில் ஏசி வோல்ட்டுக்கு 200, 750 என்று இரண்டு அளவுதான் இருக்கும், நமக்கு வேண்டியதோ அரை வோல்ட்டுக்கும் கீழே. வாங்கும்போது ஏசி பக்கத்தில் 2 வோல்ட் அளவு இருக்கிறதா, திரையில் ஒரு மில்லிவோல்ட் வரை காட்டுமா என்று பாருங்கள். மீட்டர் துல்லியமா என்று கவலைப்படத் தேவையில்லை, இரண்டையும் ஒரே மீட்டரால்தான் அளக்கிறோம், அதன் பிழை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

மறுகா பழைய ஓக்ஸ் கேபிள் (இரண்டு முனையிலும் ஹெட்போன் ஜாக் உள்ளது) ஒன்றை நடுவில் வெட்டுங்கள். உள்ளே வழமையாக ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, சுற்றிவர உறையில்லாத செப்பு நூல்: வெள்ளை இடது, சிவப்பு வலது, செப்பு நூல் கிரவுண்ட். எதற்கும் மீட்டரால் தொட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பழுதான இயர்போன் வயரை வெட்டினால் நூல்கள் பச்சை, சிவப்பு, செப்பு நிறத்தில் மினுங்கும். அந்த நிறம் மேலே பூசிய வார்னிஷ், அதன் மேல் மீட்டரை வைத்தால் ஒன்றுமே காட்டாது. லைட்டரில் நுனியைக் காட்டி, கருகியதும் நகத்தால் சுரண்டி, பிறகு சோல்டர் வையுங்கள். ஒரு ஜாக்கை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரும் எடுங்கள்: ஒரு பக்கம் உங்கள் ஹெட்போன், மற்றப் பக்கம் இந்த வெட்டிய கேபிள். ஹெட்போன் மாட்டியபடியே அளக்க வேண்டும், ஏனென்றால் சுமை ஏறும்போது சில டொங்கிள்கள் வோல்ட்டில் சற்று இறங்கும்.

ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலி (ஒரே சுருதியில் சீராக ஒலிப்பது) ஒன்றை உருவாக்கிச் சேமியுங்கள். பலர் 1000 ஹெர்ட்ஸ் என்பார்கள், ஆனால் விலை குறைந்த மீட்டர்கள் 400க்கு மேலே போனால் குறைத்துக் காட்டத் தொடங்கும். அந்த ஒலி ஓடும்போது ஹெட்போன் காதில் இருக்கவே கூடாது, மேசையில் கிடக்கட்டும். முதலில் பாட்டைப் போட்டு வழமையாகக் கேட்கும் சத்தத்தில் வையுங்கள், அப்புறம் அதே இடத்தில் சைன் ஒலியைப் போட்டு அளவுங்கள். முதல் டொங்கிளில் 412 மில்லிவோல்ட், இரண்டாவதில் 455 என்று வந்தால் வித்தியாசம் 0.86 டெசிபெல். கணக்கு இதுதான்: பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்து, கல்குலேட்டரின் log பட்டனால் லொக் எடுத்து, 20ஆல் பெருக்குவது. போனில் இருக்கிற கல்குலேட்டரே போதும். இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கு ஒன்று வித்தியாசம் என்றால் 0.09 டெசிபெல்தான், அந்த அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

வொலியூம் பட்டனை நம்பி இதைச் செய்ய முடியாது. நிறைய அண்ட்ரொயிட் போன்களில் மொத்தமே 15 படிதான், ஒரு படி ஏறினால் இரண்டு மூன்று டெசிபெல் பாய்ந்துவிடும். அதனால் மடிக்கணினியில் செய்யுங்கள். ஃபூபார்2000 மாதிரியான பிளேயரில் சத்தத்தை டெசிபெல்லின் பின்னத்தில் குறைக்கலாம். போனில்தான் செய்ய வேண்டும் என்றால் கூடச் சத்தம் தரும் டொங்கிளுக்கு என்று பாட்டின் இன்னொரு பிரதியை ஓடாசிற்றியில் 0.86 டெசிபெல் குறைத்துச் சேமித்து, அதை மட்டும் அந்த டொங்கிளில் போடுங்கள். செய்து முடித்ததும் திரும்பவும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

அடுத்தது எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பது. பெல் ஆய்வுகூடத்தில் மன்சனும் கார்ட்னரும் 1950இல் எழுதிய ஏபிஎக்ஸ் முறையின் அடிப்படையை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏ எது, பி எது என்று உங்களுக்குத் தெரியும், இரண்டையும் வேண்டிய அளவு கேட்கலாம். எக்ஸ் என்பது இரண்டில் ஒன்று, எது என்று தம்பிக்கோ தங்கச்சிக்கோ மட்டும் தெரியும். அவர் காசு சுண்டிப் பார்த்து மாட்டுவார், கடதாசியில் எழுதி வைப்பார், உங்களுக்குச் சொல்லமாட்டார். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு இருங்கள். முக்கியமானது: அடுத்த முறையும் அதே டொங்கிள்தான் என்றாலும் அவர் ஒருமுறை கழற்றி மாட்டவே வேண்டும், இல்லாவிட்டால் ஜாக் மாட்டும் 'டப்' சத்தமே பதிலைச் சொல்லிவிடும். 16 முறை செய்து 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் உங்களுக்கு வித்தியாசம் கேட்கிறது என்று எடுக்கலாம், குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர நூற்றுக்கு நான்குகூட வாய்ப்பில்லை. 10இல் 8 சரி என்று துள்ள வேண்டாம், அது நூற்றுக்கு ஐந்துக்கும் கொஞ்சம் கூட. ஒரே மூச்சில் 16ஐயும் முடிக்கத் தேவையில்லை, காது களைத்தால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தொடருங்கள்.

ஒலியின் நுணுக்கம் நினைவில் சில விநாடிதான் நிற்கும். அதனால் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு மாற்றினால் பயனில்லை, 10, 15 விநாடித் துண்டு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் போடுங்கள். எந்தத் துண்டு? எங்கள் பக்கத்துக் கூத்துப் பதிவு ஒன்று உங்களிடம் இருந்தால் அதைவிட நல்ல சோதனை கிடைக்காது. மத்தளத்தின் அடி எவ்வளவு சடுதியாக நின்றுபோகிறது, சல்லரியை (கூத்துத் தாளம்) தட்டியபின் அந்தக் கணகணப்பு எவ்வளவு நேரம் மெலிந்துகொண்டே போய் மறைகிறது, கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரலுக்குப் பின்னால் பிற்பாட்டுக்காரர் தனித்தனி ஆட்களாகத் தெரிகிறார்களா, ஒரே கூட்டமாகத் தெரிகிறார்களா, இவையெல்லாம் ஒரே துண்டில் இருக்கும். ஆனால் கூத்தாடும் களரிக்குப் பக்கத்தில் நின்று போனில் பிடித்தது வேண்டாம். மத்தளச் சத்தத்தில் போனின் மைக்கிலேயே ஒலி ஏற்கனவே உடைந்திருக்கும், அந்தக் கரகரப்பை டொங்கிளின் தலையில் போடுவது நியாயமில்லை. நல்ல ரெக்கோடரில் வேவ் கோப்பாகப் பதிந்தது, அல்லது சீடியில் இருந்து எடுத்தது போதும். 1982இல் வந்த சீடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பதே 96 டெசிபெல் வீச்சையும் மனிதக் காது எட்டும் உச்சத்தையும் அடக்கிவிடும். 384, 768 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து எதையும் தெரிவு செய்யாதீர்கள்.

நேரமும் முக்கியம். பகலில் ஃபேன் சுற்றும், வெளியே பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போகும், கொண்டல் மழைக் காலத்தில் தகரக் கூரை வேறு. ஃபேன் சத்தம் மெல்லிய இரைச்சலை முழுதாக மூடிவிடும். இரவு பத்து மணிக்கு மேலே ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்தாலும் பரவாயில்லை என்று இருந்து கேட்டால்தான் இரைச்சல் பிடிபடும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட விடுங்கள், எர்த் ஒழுங்காக இல்லாத வீடுகளில் அந்தச் சார்ஜர் வழியாக வரும் ரீங்காரத்தை டொங்கிளின் குறை என்று நினைத்துவிடுவோம்.

இரைச்சலுக்குத் தனிச் சோதனை உண்டு. வெறும் மௌனத்தை மட்டும் கொண்ட கோப்பு ஒன்றை ஓடாசிற்றியில் உருவாக்கி ஓட விடுங்கள். ஒன்றும் ஓடாமல் விட்டால் பல சிப்கள் தாமாகவே வெளியீட்டை அடைத்துவிடும், அப்போது எல்லாமே அமைதியாகத்தான் தெரியும். 'ஸ்ஸ்' என்று கேட்டால், குறிப்பாக உணர்திறன் கூடிய இன்-இயரில் (காதுத் துவாரத்துக்குள் செருகும் இயர்போன்), அந்த டொங்கிள் உங்களுக்கு ஆகாது. உருட்டும் வொலியூம் உள்ள சின்ன அம்ப் என்றால் மோனோ பேச்சு ஒன்றை மிகக் குறைந்த சத்தத்தில் போட்டு, குரல் நடுவில் நிற்கிறதா, ஒரு காதுப் பக்கம் சரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் போனைப் பக்கத்தில் வைத்து ஒரு கோல் எடுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் சிக்னல் குறைந்த இடங்களில் போன் கூட வலுவாக அனுப்பும், 2ஜிக்கு இறங்கினால் 217 ஹெர்ட்ஸ் 'டிர்ர்' சத்தம் கவசம் சரியில்லாத டொங்கிளுக்குள் புகுந்துவிடும். நகரத்துக் கடையில் நின்று கேட்டால் இது தெரியாது.

இனி உண்மையிலேயே ஒலியை மாற்றக்கூடிய விசயம்: வெளியீட்டு மின்தடை, அதாவது டொங்கிளின் வெளியீட்டிலேயே இருக்கும் தடை. பல ட்ரைவர் (சின்ன ஸ்பீக்கர்) உள்ள இன்-இயரின் தடை ஒரு சுருதியில் 5 ஓம், இன்னொன்றில் 50 ஓம் என்று இருக்கலாம். டொங்கிளின் வெளியீடு 10 ஓம் என்றால் இந்த இரண்டு இடத்துக்கும் இடையே சத்தம் 8 டெசிபெல் அளவுக்குக் கோணிவிடும், 1 ஓம் என்றால் கோணல் ஒன்றரை டெசிபெல்லுக்குள் அடங்கும். "இந்த டாக் இனிமையானது, அது கூர்மையானது" என்று ஆட்கள் கதைப்பதில் ஒரு பகுதி இதனால் வருவது. இதை நீங்களே அளக்கலாம். ரேடியோ, ரீவி திருத்தும் கடையில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள், ஒன்றும் மாட்டாமல் வோல்ட்டை அளவுங்கள், ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து மீண்டும் அளவுங்கள். வெறுமையாக 500 மில்லிவோல்ட், ரெசிஸ்டருடன் 485 என்றால் 500ஐ 485ஆல் வகுத்து, 1ஐக் கழித்து, 33ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1 ஓம். உங்கள் ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நிம்மதி.

வலு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சாதாரண 32 ஓம் இயர்போனுக்கு 1 வோல்ட்டே மிச்சம். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்போன் என்றால் 1 வோல்ட்டில் 3.3 மில்லிவாட்தான் போகும், 2 வோல்ட்டில் 13.3. அங்கேதான் தனி அம்புக்கு வேலை இருக்கிறது. 4.4 மில்லிமீட்டர் பலன்ஸ்ட் துளை (இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் கழித்தல் வயர்) உள்ளவற்றில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதன் இரண்டு கழித்தல் வயரும் கிரவுண்ட் இல்லை. அவற்றை ஒன்றாக இணைக்கும் அடப்டரைப் போட்டு 3.5 ஸ்பிளிட்டரில் மாட்டினால் அம்ப் எரியக்கூடும். அதில் அளப்பதென்றால் ஒரு பக்கத்தின் கூட்டலுக்கும் அதே பக்கத்தின் கழித்தலுக்கும் இடையில் மட்டும் அளவுங்கள்.

சிப்பின் பெயரில் மயங்க வேண்டாம். சிரஸ் லொஜிக்கின் சிஎஸ்43131 என்ற ஒரே சிப் பல விலையில் பல டொங்கிளுக்குள் இருக்கிறது, அதைச் சுற்றி என்ன போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் இரைச்சலும் வலுவும் மாறும். ப்ளூடூத் டாக்கையும் வயர் டாக்கையும் ஒப்பிட்டால் நடுவில் கோடெக்கும் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) வந்துவிடும். எல்டாக் என்ற சோனியின் கோடெக் கூட நல்ல இணைப்பில் விநாடிக்கு 990 கிலோபிட், இணைப்பு தளர்ந்தால் 330 வரை இறங்கும், ஆகவே அது வேறு சோதனை.

இவ்வளவும் செய்து 16இல் 8, 9 என்று வந்தால் இரண்டு டொங்கிளும் உங்கள் காதுக்கு ஒன்றுதான். நன்றாகச் செய்த இரண்டு டொங்கிளுக்கு இடையில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அப்போது மலிவானதை எடுங்கள், போன் பற்றரியைக் குறைவாகத் தின்பதை எடுங்கள், கேபிளைக் கழற்றி மாற்றக்கூடியதை எடுங்கள். கல்லடி, காத்தான்குடி என்று கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றில் ஜாக்கும் யூஎஸ்பி முனையும் கறுத்துப்போவது பெரிய தலையிடி. மிச்சக் காசை ஹெட்போனுக்குப் போடுங்கள், அங்கே கேட்கும் வித்தியாசத்துக்கு மீட்டர் தேவைப்படாது. முடிவை மற்றவர்களுக்குச் சொல்லும்போது எந்த ஹெட்போன், எத்தனை மில்லிவோல்ட்டில் சமப்படுத்தினீர்கள், 16இல் எத்தனை சரி என்ற மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.