பெரு பயணம்: வரிசை மாறினால் வரும் வம்புகள்

தென் அமெரிக்க நாடான பெருவுக்குப் போகத் திட்டமிடுவோர் பலர் முதலில் செய்வது, மலிவாகக் கிடைத்த விமான டிக்கெட்டை வாங்கிப் போடுவது. பிறகு விடுதி. மலைமேல் இருக்கும் இன்கா மக்களின் பழைய நகரமான மாச்சு பிச்சுவின் நுழைவுச்சீட்டு கடைசியில்தான் நினைவுக்கு வரும். இந்த வரிசையே தலைகீழ். தலைநகர் லிமாவுக்கு விமானம் எல்லா நாளும் உண்டு. மாச்சு பிச்சுவுக்குள் ஒரு நாளில் அனுமதிக்கப்படுவோரோ சாதாரண நாட்களில் 4,500 பேர், நெரிசல் மிகுந்த சில நாட்களில் 5,600 பேர் மட்டுமே. அந்தத் தேதியை முதலில் பிடியுங்கள். மற்ற நாட்களை அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள்.

மாச்சு பிச்சுவுக்கு மலைவழியே போகும் இன்கா பாதையில் நான்கு நாள் நடக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் கிளம்ப முடியும். அதில் வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் சேர்த்தி என்பதால், பயணிகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 இடம். உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக மட்டுமே பதிய முடியும். அனுமதியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. மே முதல் ஆகஸ்ட் வரையிலான இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரி முழுக்கப் பாதை மூடியிருக்கும்.

நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. 2024 ஜூன் முதல் மாச்சு பிச்சுவில் மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்து வழித்தடங்கள். முதல் சுற்று மேல்தளத்திலிருந்து பார்க்க மட்டும். படங்களில் வரும் அந்தக் காட்சி கிடைக்கும், ஆனால் கட்டடங்களுக்கு நடுவே போக முடியாது. மூன்றாவது சுற்று கீழ்ப்பகுதிக் கட்டடங்கள் வழியாகப் போகும். அதில் அந்த மேல்தளக் காட்சி கிடையாது. ஹுவாய்னா பிச்சு மலை ஏறும் சீட்டு இந்த மூன்றாம் சுற்றைச் சேர்ந்தது. மலை ஏறினால் எல்லாம் தெரியும் என்று அதை எடுப்பவர்கள், பெயர்பெற்ற அந்தப் படத்தை எடுக்க முடியாமல் திரும்புகிறார்கள். முதல் தடவை போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் சுற்றை எடுக்கலாம். மேல்தளமும் உண்டு, உள்ளேயும் நடக்கலாம். அது கிடைக்காத தேதி என்றால் தேதியை மாற்றுவதே நல்லது. பயணத்தின் மற்ற பகுதிகளை இன்னும் பதிவு செய்யாமல் இருந்தால்தான் அது முடியும்.

உள்ளே ஒருவழிப் பாதை. கடந்து வந்த இடத்துக்குத் திரும்பிப் போக விடமாட்டார்கள். கழிப்பறை வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது, கட்டணம் உண்டு; வெளியே வந்தால் அதே சீட்டில் மறுபடி நுழைய முடியாது. ஆகவே வரிசையில் நிற்கும் முன்பே போய் வந்துவிடுங்கள். பை 40 × 35 × 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முக்காலி, செல்ஃபி குச்சி, டிரோன் மூன்றுக்கும் தடை. கைத்தடி தேவைப்படும் முதியவர்கள் நுனியில் ரப்பர் பொருத்திக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் நகல் செல்லாது, அசல் வேண்டும். சீட்டு எடுத்த பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழையதையும் கொண்டுபோங்கள். சீட்டில் இருப்பது பழைய எண்தான்.

ரயில், பேருந்து, நுழைவுச்சீட்டு மூன்றும் தனித்தனி. ஒன்றை வாங்கினால் மற்றது சேர்ந்து வராது. மாச்சு பிச்சுவின் அடிவாரமான அகுவாஸ் காலியெண்டெஸ் ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. பெரும்பாலான ரயில்கள் புறப்படுவது, விமானத்தில் போய் இறங்கும் ஊரான குஸ்கோவிலிருந்து அல்ல, ஒயான்டைதம்போ என்ற ஊரிலிருந்து. குஸ்கோவிலிருந்து அங்கே போகக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பிறகு ரயிலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அதன்பின் மலைமேல் ஏறும் பேருந்துக்கு வரிசை, பேருந்தில் அரை மணி. பத்து மணிக்கு ரயில் வந்து சேர்கிறது என்று பத்தரை மணி நுழைவை எடுத்தால் அவ்வளவுதான். ரயில் வந்து சேரும் நேரத்துக்கும் நுழைவு நேரத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். முந்தின நாள் மாலையே அடிவாரத்துக்குப் போய்த் தங்குவது இன்னும் நிம்மதி. பெரிய பெட்டியை ஒயான்டைதம்போ விடுதியிலேயே விட்டுவிடலாம்; ரயிலில் சிறு பைக்குத்தான் இடம். கொசுவிரட்டி மருந்து மட்டும் அந்தச் சிறு பையில் இருக்கட்டும். அங்கே கடிக்கும் சிறு பூச்சிகள் கணுக்காலைக் குறிவைப்பவை.

உயரம் செய்யும் வேலை

மாச்சு பிச்சு 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு வழியான குஸ்கோவோ 3,400 மீட்டர். நம் ஊட்டி 2,240, தொட்டபெட்டா உச்சியே 2,637 என்பதை வைத்துப் பார்த்தால் குஸ்கோ எவ்வளவு உயரம் என்று புரியும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். லிமாவிலிருந்து விமானத்தில் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த உயரத்தில் இறங்குகிறீர்கள். லிமாவில் மூன்று நாள் தங்கினாலும் உடம்பு பழகாது, அது கடலோர ஊர். இறங்கிய உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் ஏமாற்றும் விஷயம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, பெரும்பாலும் முதல் இரவில் தொடங்கும். உடற்பயிற்சி செய்து கட்டாக இருப்பவர்களுக்கும் வரும்.

இதைத் தடுக்க மாத்திரையைவிட முக்கியம் ஊர்களின் வரிசை. குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் அங்கே தங்காமல் நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அதில் இருக்கும் ஒயான்டைதம்போ 2,800 மீட்டரை ஒட்டியது. அங்கே இரண்டு இரவு, பிறகு மாச்சு பிச்சு, அதன்பின் குஸ்கோ, கடைசியில் டிட்டிகாக்கா ஏரிக்கரையில் 3,800 மீட்டரில் இருக்கும் பூனோ. ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் வானவில் மலைக்கு, குஸ்கோ வந்த மறுநாளே விடியற்காலையில் அழைத்துப்போகும் சுற்றுலாக்கள் தெருவுக்குத் தெரு விற்கப்படுகின்றன. ஐந்தாறு நாள் உயரத்தில் இருந்த பிறகு போவதானால் போகலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

உயரத்தால் வரும் இந்தத் தொல்லையைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கச் சொல்வார்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி மரத்ததுபோல் இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், பயப்பட வேண்டாம். முதல் இரவு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ காலைவரை காத்திருக்காமல் உடனே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விடுதிகளில் கோகா இலைத் தேநீர் இலவசமாகக் கிடைக்கும். பெருவில் அது சட்டப்படியே விற்கும் பொருள், குடிக்கலாம். ஆனால் இலையையோ தேநீர்ப் பைகளையோ பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவருவது பெருந்தவறு. 1985ஆம் ஆண்டின் இந்தியப் போதைப்பொருள் சட்டத்தில் கோகா இலை தடைப்பட்ட பொருள். வேலைக்காகப் போதைப் பரிசோதனைக்கு உட்படுபவர்கள் குடிக்காமல் இருப்பதே நல்லது. சோதனையில் கோகெய்ன் என்று காட்டக்கூடும்.

விசாவும் மஞ்சள் காய்ச்சலும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரு விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால் சுற்றுலாவுக்கு விலக்கு உண்டு. இதில் பலர் கவனிக்காதது, அந்த விசாவில் குறைந்தது ஆறு மாதம் மீதியிருக்க வேண்டும் என்பது. விமானம் மாறும் நாட்டின் இடைவழி விசா தனிக் கதை. அமெரிக்கா வழியாகப் போனால் விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பெருவுக்குள் நுழையும்போது கேட்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு விட்டுவிடுகிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போதுதான். இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் பெரு இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால் கிளம்பும் வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நாளும் நேரமும் கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டுடன் போக வேண்டும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது தாண்டியவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

குஸ்கோவில் 130 சோலெஸுக்கு (பெருவின் நாணயம்) விற்கும் சுற்றுலாச் சீட்டு பத்து நாள் செல்லும். சாக்சய்வமான், பிசாக், ஒயான்டைதம்போ, மொராய் ஆகிய இன்கா இடங்கள் எல்லாம் அதில் அடக்கம். இன்காக்களின் சூரியக் கோயிலான கோரிகாஞ்சா, குஸ்கோ பேராலயம், மாராஸ் உப்பளம் ஆகியவற்றுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ரொக்கம் கையில் இருக்கட்டும். ஓரம் கிழிந்த, மை பட்ட டாலர் நோட்டை அங்கே யாரும் வாங்கமாட்டார்கள். அட்டையில் கட்டும்போது டாலரா சோலெஸா என்று இயந்திரம் கேட்டால் சோலெஸ்.

சைவர்கள் "சின் கார்னே" என்று சொன்னால் போதாது. அது மாட்டிறைச்சி, பன்றி இறைச்சியை மட்டும் விலக்குவதாக எடுத்துக்கொண்டு கோழியைப் போட்டுத் தருவார்கள். "சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று கோழியையும் மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். கினுவா சூப்பைப் பல இடங்களில் கோழிச்சாற்றில் வேகவைப்பதால் அதையும் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

பத்து நாளில் பாலைவனக் கோடுகளுக்குப் பேர்போன நாஸ்கா, அமேசான் காடு, டிட்டிகாக்கா, மாச்சு பிச்சு நான்கையும் திணிப்பது வீண் அலைச்சல். பெரு ஏறத்தாழ 12.85 லட்சம் சதுர கிலோமீட்டர். நடுவில் ஆண்டீஸ் மலை. பத்து நாள் என்றால் லிமா, பள்ளத்தாக்கு, மாச்சு பிச்சு, குஸ்கோ போதும். குஸ்கோ விமானங்கள் வானிலையால் தாமதமாவதும் ரத்தாவதும் சகஜம். போராட்டத்தால் ரயில் நின்ற நாட்களும் உண்டு. ஆகவே குஸ்கோவிலிருந்து லிமா வரும் நாளிலேயே ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள், நடுவில் ஓர் இரவாவது லிமாவில் இருக்கட்டும். கூடுதலாக நான்கைந்து நாள் இருப்பவர்கள் அவற்றை வடக்குக் கடற்கரையில் செலவிடலாம். இன்காக்கள் பேரரசாக இருந்தது ஒரு நூற்றாண்டு அளவுக்குத்தான். அவர்களுக்கு முந்திய சிமூ மக்களின் மண் நகரமான சான் சான், துருஹியோ ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மோச்சே நாகரிகத்தின் சிப்பான் பிரபு கல்லறை 1987இல் கண்டெடுக்கப்பட்டது. அதன் தங்க அணிகள் லம்பயேக்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டு ஊர்களும் கடல்மட்டத்தை ஒட்டியவை, மாத்திரை தேவையில்லை.