இரத்தக்குழாயில் கல்சியம்: கேத்திலைப் பார்த்துப் பயந்து விடும் தவறுகள்

பரந்தனில் இருக்கும் என் மாமிக்குப் போன வருடம் இருமல் விடவில்லை என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சில் சளி இல்லை. ஆனால் பெருநாடியில், அதாவது இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயில், கல்சியம் படிந்திருக்கிறது என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அன்று பின்னேரமே வீட்டில் முடிவெடுத்தாகிவிட்டது: கிணற்றுத் தண்ணீர் இனி வேண்டாம், தயிர் வேண்டாம், நெத்தலி வேண்டாம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் நெஞ்சிலும் படிந்துவிட்டது என்றாள் மச்சாள். எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. அப்புறம் மாமியின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். சீனி வருத்தக் கிளினிக்குக்கு அவர் போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

தண்ணீரைப் பழி சொல்வதுதான் வன்னியில் நான் அதிகம் கேட்கும் தவறு, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் உடம்பிலுள்ள கல்சியத்தில் 99 வீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் சிறு பங்கை உடம்பு மிகக் கவனமாக ஒரே அளவில் வைத்திருக்கும், டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம். கடினத் தண்ணீர் குடித்தால் அந்த அளவு கூடிவிடுவதில்லை. கணக்கும் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரின் கடினத்தன்மையைக் கல்சியம் காபனேற்று என்ற உப்பின் அளவாகச் சொல்வார்கள். அது லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று பரிசோதனையில் வந்தால், அதில் கல்சியம் அதிகபட்சம் 100 மில்லிகிராம்தான். வெயிலில் வயல்வேலை செய்து மூன்று லீற்றர் குடித்தாலும் 300 மில்லிகிராம். ஒரு பெரிய கிளாஸ் பாலில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளுக்குத் தேவையானதோ சுமார் 1000 மில்லிகிராம்.

அப்படியென்றால் இரத்தக்குழாயில் ஏன் படிகிறது? உயர் பிரஷர், கூடின சீனி, சிகரெட், பீடிப் புகை, கெட்ட கொலஸ்ட்ரோல் ஆகியவை குழாயின் உட்சுவரை வருடக்கணக்காகக் காயப்படுத்துகின்றன. காயம்பட்ட இடத்தில் கொழுப்பு புகுந்து அழற்சி உண்டாகிறது, அங்குள்ள கலங்கள் சாகின்றன. அந்த இடத்தில்தான் கல்சியம் குடியேறுகிறது. சுவரிலுள்ள தசைக் கலங்கள் எலும்பு கட்டும் கலங்களைப் போல நடக்கத் தொடங்குவதும் உண்டு. கேத்திலில் உப்பு ஒட்டுவதும் இதுவும் ஒன்றல்ல, இது ஆறாத புண்ணின் வடு. மாமியின் நெஞ்சில் தெரிந்த வெள்ளைக்கு அவருடைய வயதும் இருபது வருடச் சீனியும்தான் முக்கிய காரணங்கள்.

இந்தப் பயத்தில் சாப்பாட்டைக் குறைப்பது இன்னொரு கெடுதலைக் கொண்டுவரும். தயிர், நெத்தலி, குரக்கன், முருங்கையிலை எல்லாவற்றையும் நிறுத்தினால் வயதான பெண்களின் எலும்புதான் மெலியும். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் திரும்ப எழுந்து நடப்பதில்லை. சாப்பாட்டில் வரும் கல்சியம் இதயத்துக்குக் கெடுதல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. மூட்டு நோகிறது என்று மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போடும் கல்சியக் குளிசை வேறு விஷயம். அதைப் பற்றிச் சில ஆய்வுகள் சந்தேகம் எழுப்பியிருக்கின்றன. டொக்டர் காரணத்தோடு தந்தால் போடுங்கள், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று போடாதீர்கள்.

கேத்திலை வினாகிரி ஊற்றியோ தேசிக்காய் பிழிந்தோ கழுவுகிறோம். அதனால் உள்ளி, இஞ்சி, தேசிப்புளி காய்ச்சிக் குடித்தால் குழாயில் உள்ளதும் கரையும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடுகிறோம். இரத்தத்தின் பிஎச், அதாவது புளிப்புத்தன்மையைக் காட்டும் எண், 7.35க்கும் 7.45க்கும் இடையில்தான் நிற்கும், எவ்வளவு புளி குடித்தாலும் அது அமிலமாகாது. உள்ளியைக் கறியில் போட்டுத் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதை நம்பிக் குளிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சிடி ஸ்கானில் கல்சிய அளவெண் (இதயக் குழாய்களில் எவ்வளவு கல்சியம் படிந்திருக்கிறது என்று காட்டும் எண்) பார்த்தவர், குளிசை தொடங்கிச் சில வருடம் கழித்து மறுபடி பார்க்கிறார். எண் கூடியிருக்கிறது. குளிசை வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார். உண்மையில் ஸ்ராட்டின் வகைக் குளிசைகள் மென்மையான கொழுப்புப் படிவை இறுக்கி உறுதியாக்கும்போது கல்சியம் கொஞ்சம் கூடித் தெரியலாம். திடீரென வெடித்து மாரடைப்பைக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த மென்மையான படிவுதான். இறுகியது ஒப்பீட்டில் அடங்கியிருக்கும். அளவெண் 400க்கு மேல் போனால் ஆபத்து மிக அதிகம், உண்மை. ஆனால் பூச்சியம் வந்தால் சிகரெட்டைத் தொடரலாம் என்று அர்த்தமில்லை. இளம் வயதினரிடம் இறுகாத படிவு இருந்தால் அந்த எண்ணில் அது தெரியாது.

எங்கள் பக்கத்தில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போரில் பட்ட செல் (ஷெல்) துண்டு உடம்பில் உள்ளவர்கள் சிடி ஸ்கான் எடுக்கலாம், அதற்குத் தடையில்லை. பலமான காந்தத்தால் படமெடுக்கும் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் மட்டும், துண்டு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே கட்டாயம் சொல்லுங்கள்.

வவுனியாப் பக்கம் காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் பலருக்கு இருக்கிறது. அதில் தண்ணீரின் பங்கு இன்னும் ஆராயப்படுகிறது, ஆகவே அங்கே சுத்திகரித்த தண்ணீர் குடிப்பது நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதாவது இரத்தக்குழாயையும் கெடுக்கும் என்பதைப் பலரும் அறிவதில்லை. பழுதான சிறுநீரகத்தால், சாப்பாட்டில் வரும் பொஸ்பேற்று என்ற உப்பைச் சரியாக வெளியேற்ற முடியாது. கூடிப்போன பொஸ்பேற்று குழாய்ச் சுவரைக் கிட்டத்தட்ட எலும்பாக்கிவிடும். இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) செய்யும் முப்பது வயதுக்காரருக்கும் வயோதிபரின் குழாய்போல இறுகிப்போவது இதனால்தான். இவர்கள் கோலா, சொசேஜ் போன்ற பொஸ்பேற்றுச் சேர்த்தவற்றை விலக்க வேண்டும். சாப்பாட்டோடு போடச் சொல்லிக் கல்சியக் குளிசை தந்திருந்தால் அது பொஸ்பேற்றைக் குடலிலேயே பிடித்து வைக்கத்தான், பயந்து நிறுத்தாதீர்கள். நாரி நோவுக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் சிறுநீரகத்துக்குப் பெரும் கேடு. நோகும்போது கை தானாக அதற்குத்தான் போகும், ஆனாலும் விடுங்கள்.

வயதானவருக்கு மூச்சு வாங்கினால் "வயசு போட்டுது" என்று விட்டுவிடுகிறோம். இதயத்தின் பெருநாடி வால்வில் கல்சியம் படிந்து வாசல் குறுகினாலும் இப்படித்தான் தொடங்கும்: நடந்தால் இளைப்பு, நெஞ்சு இறுக்கம், வேலை செய்யும்போது தலைசுற்றி விழுதல். ஸ்டெதஸ்கோப் வைத்தாலே பெரும்பாலும் சத்தம் கேட்கும், எக்கோ ஸ்கானில் உறுதியாகும். இதைத் திறக்கக் குளிசை கிடையாது, வால்வை மாற்றத்தான் வேண்டும். இன்று சிலருக்கு நெஞ்சைப் பிளக்காமல் தொடையிலுள்ள குழாய் வழியாகவே மாற்றுகிறார்கள். வாசல் கடுமையாகக் குறுகி இந்த அறிகுறிகளும் தொடங்கியபின் மாற்றாமல் விட்டால், சுமார் பாதிப்பேர் இரண்டு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள்.

நெஞ்சு இறுகி, வியர்த்து, இடது கையோ தாடையோ நோகும்போது வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். சீனி வருத்தக்காரருக்கு நோவே இல்லாமல் வெறும் களைப்பாகவும் வரலாம். உட்கிராமங்களிலிருந்து ஆஸ்பத்திரி தூரம், இரவில் பஸ்ஸும் இல்லை. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். போகும்போது கிளினிக் கொப்பியையும் போடுகிற குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியின் பை இப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, தயிரும் மறுபடி சாப்பிடுகிறார்.