தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போவதும் மற்றத் தவறுகளும்: கச்சேரி கேட்பவர்களுக்கு

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பாடகர் வீட்டிலேயே தயார் செய்து கொண்டு வருவது ஒரு பங்குதான். ஆலாபனை (வரிகள் இல்லாமல் ராகத்தை விரிப்பது) எவ்வளவு நேரம், நிரவலை (ஒரே வரியைப் பல விதமாகப் பாடுவது) எங்கே நிறுத்துவது, ஸ்வரத்தை (ச ரி க ம என்று பாடுவது) இன்னும் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) நீட்டலாமா என்பதெல்லாம் மேடையில் முடிவாகிறது. முன்வரிசைகள் மேடைக்கு நன்றாகத் தெரியும். அங்கே கைபேசி வெளிச்சமும் பேச்சும் கண்ணில் பட்டால் ஆலாபனை சுருங்கும், தெரிந்த சங்கதிகளோடு (வரியின் மாறுபாடுகளோடு) பாட்டு முடிந்துவிடும். நஷ்டம் கேட்பவருக்குத்தான்.

இருப்பதிலேயே பெரிய தவறு, தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போவது. மார்கழி சீசனில் சென்னை சபாக்களில் இது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. பாடகர் நிறுத்தியதும் இடைவேளை விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். கேன்டீன் காப்பி வேறு இழுக்கிறது. அதுவரை பாட்டுக்கு அடங்கி வாசித்த மிருதங்கக்காரருக்கும் கடம் அல்லது கஞ்சிரா வாசிப்பவருக்கும் அந்த மாலையில் கிடைக்கும் சொந்த நேரம் அந்தப் பத்து இருபது நிமிடம்தான். நாற்காலிகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டே அவர்கள் வாசிக்க வேண்டியிருக்கிறது.

தனி புரியவில்லை என்பவர்கள் அதன் போக்கைத் தெரிந்துகொண்டால் போதும். முதலில் ஒவ்வொருவரும் மாறி மாறி நீளமாக வாசிப்பார்கள். அடுத்த சுற்றில் பெரும்பாலும் நடை (ஓர் எண்ணிக்கைக்குள் வரும் உட்பிரிவு) மாறும். சதுச்ரம் (நான்கு) திச்ரமாகவோ (மூன்று) கண்டமாகவோ (ஐந்து) ஆகும். பிறகு குறைப்பு: ஒருவர் வாசிக்கும் அளவு ஓர் ஆவர்த்தனம், அரை, கால் என்று சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா (முடிவு வருவதைக் காட்டும் சொற்கட்டு) வைத்து, கோர்வையை (கணக்கிட்டு அமைத்த முடிவுக் கோவை) மூன்று முறை வாசித்து, பாட்டின் எடுப்பில் (வரி தொடங்கும் இடத்தில்) கொண்டுவந்து விடுவார்கள். பாடகர் அந்த இடத்தில் வரியைப் பிடிப்பார். அதுவரை போட்ட கணக்கெல்லாம் அந்த ஓர் இடத்துக்காகத்தான். சீக்கிரம் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் தனி வரும் முக்கியப் பாட்டான மெயினின் ராகம் தொடங்குமுன், இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் போய்விடுங்கள். ஆறரை மணிக்குத் தொடங்கும் இரண்டரை மணி நேரக் கச்சேரியில் தனி பெரும்பாலும் எட்டு மணியை ஒட்டித்தான் வரும். காப்பியை ஆறு மணிக்கே முடித்துக்கொள்ளலாம்.

தாளம் போடுவதில் நடக்கும் தவறு கொஞ்சம் நுட்பமானது. பாட்டு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறதோ அதுதான் சமம் (தாளச் சுற்றின் முதல் தட்டு) என்று எடுத்துக்கொண்டு அங்கே தட்டைப் போடுகிறார்கள். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சமத்திலிருந்து அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகள் ஏராளம். அப்படிப்பட்ட பாட்டுக்குத் தட்டு இடம் மாறிவிட்டால் கடைசி வரை எல்லாமே பிசகாகத்தான் தோன்றும். கோர்வை சரியாக வந்து விழுந்தாலும் தப்பாகவே படும். இரண்டு களை ஆதியில் ஒவ்வொரு கிரியையும் (தட்டு, விரல், வீச்சு) இரண்டு முறை வரும் என்பதை மறப்பது இன்னொன்று. முதல் இரண்டு ஆவர்த்தனம் கையைச் சும்மா வைத்து, பாடகரின் கையைப் பாருங்கள். பிறகு தொடையிலேயே மெதுவாகப் போடுங்கள். நாற்காலிக் கைப்பிடியில் ஓங்கித் தட்டினால் பக்கத்து இருக்கைக்காரர் மிருதங்கத்தைக் கேட்க முடியாது.

ஆலாபனையில், பாடகர் முடித்து வயலின் தொடங்கியதும் "ரீதிகௌளையா, ஆனந்தபைரவியா?" என்று விசாரணை ஆரம்பமாகும். கேள்வி நியாயமானதுதான், இரண்டும் குழப்பக்கூடிய ராகங்கள். ஆனால் அதே ராகத்தை வயலின் வேறு பிடிகளில் (ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரக் கோவைகளில்) காட்டும் நேரமும் அதுதான். பதில் அந்த வாசிப்பிலேயே கிடைக்கும்.

பாடகர் மேல் ஷட்ஜத்தில் (மேல் ச) கார்வை பிடித்து, அதாவது அந்த ஸ்வரத்தை நீட்டி, நிற்கும்போது கைதட்டாதீர்கள். தம்புரா அமுங்கிப்போகும், பாடகருக்குச் சுருதி கேட்காது. கார்வை முடிந்து மூச்சு விட்டதும் தட்டலாம். கோர்வை எடுப்பில் வந்து சேரும் இடத்தில் "பலே" சொல்வதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பாட்டுகளுக்கு நடுவே மிருதங்கக்காரர் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பார். அரை நிமிடம்கூட ஆகாது. அப்போது எழும் பேச்சு இரைச்சலில் வலந்தலையின் (மிருதங்கத்தின் வலப்பக்கம்) நாதம் அவர் காதுக்கே எட்டுவதில்லை, வேலை இழுத்துக்கொண்டே போகும். கைபேசி அதிர்வில் இருந்தாலும் மரக் கைப்பிடியில் வைத்தால் சத்தம் வரும். அணைத்து வைப்பது மேல்.

கடைசியாக, விருப்பப் பாட்டு கேட்டு அனுப்பும் துண்டுச் சீட்டு. மெயின் முடிந்த பிறகு நீளமான ராகம் தானம் பல்லவி கேட்டு அனுப்புவது, சற்று முன் பாடிய ராகத்திலேயே இன்னொரு கீர்த்தனை கேட்பது, பாட்டு நடக்கும்போதே சீட்டை மேடைக்குக் கொண்டுபோவது மூன்றும் வேண்டாம். மெயினுக்குப் பிறகு இருப்பது துக்கடா (சின்னப் பாட்டுகள்) நேரம். ஒரு திருப்புகழ், ஒரு ஜாவளி, ஒரு தில்லானா என்று சின்னதாகக் கேளுங்கள். பாட்டின் முதல் வரியையும் ராகத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, பாட்டு முடிந்ததும் சபா தொண்டரிடம் கொடுங்கள். ஒருவருக்கு ஒரு சீட்டு போதும்.