பி.ஆர் மனு என்ன ஆனது? கோலாலம்பூரில் விசாரிக்கும் முறை, படிப்படியாக

மலேசியரை மணந்து தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இங்கே வந்து, நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு (பி.ஆர்) மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மனுப் போடுவது எப்படி என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. போட்ட பிறகு என்ன செய்வது என்று கேட்டால்தான் "வெயிட் பண்ணுங்க" என்று முடித்துவிடுகிறார்கள்.

இத்தனை மாதத்தில் பதில் வந்துவிடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். கோப்பை வேகமாக ஓட வைக்கும் வழி நம் கையில் இல்லை. முடிவு வரும் நாளில் அந்தக் கடிதம் நம் கைக்கு வந்து சேருவதற்கான வழி இருக்கிறது. கீழே இருப்பதில் பெரும்பகுதி அதற்குத்தான்.

படி 1: எந்த இலாகா என்று தெளிவாகுங்கள்

எல்லோரும் "சிவப்பு ஐசி" என்றே பேசுவதால் குழப்பம் வருகிறது. சிவப்பு அடையாள அட்டையை, அதாவது மைபிஆரை, தருவது தேசியப் பதிவுத் துறை (ஜேபிஎன்). ஆனால் அதற்கு முன்னால் குடிநுழைவுத் துறை 'பெர்மிட் மாசோக்' என்ற நுழைவு அனுமதியைத் தர வேண்டும். உங்கள் மனு இப்போது நிற்பது அந்த இடத்தில். ஆகவே ஜேபிஎன் கவுண்டரில் போய் வரிசையில் நின்றால் அவர்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. குடியுரிமை மனு வேறு கதை. அது ஜேபிஎன் வழியாகப் போவது. இரண்டையும் கலக்காதீர்கள்.

படி 2: ஒரு ஃபைல் போடுங்கள்

மனுக் கொடுத்தபோது கிடைத்த ரசீது, ஒப்புகைச் சீட்டு, கோப்பு எண் உள்ள கடிதம், நேர்காணலுக்கு அழைத்த கடிதம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். கோப்பு எண்தான் உயிர். 'நோ ருஜுக்கான்' என்று கடிதத்தின் மேல் பகுதியில் இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, கணவன் மனைவி இருவரிடமும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்தால் ரசீதில் மை மங்கிவிடும், நகல் எடுத்துவிடுங்கள்.

படி 3: கோப்பில் இருப்பதும் நீங்களும் ஒன்றாக இருக்க வேண்டும்

இதில்தான் நம் ஆட்கள் அதிகம் சிக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, முகவரி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் செந்தூலிலிருந்து பூச்சோங், பூச்சோங்கிலிருந்து கிள்ளான் என்று மாறிக்கொண்டே இருப்போம். கோப்பில் மட்டும் பழைய செந்தூல் வீடுதான் இருக்கும். அழைப்புக் கடிதம் அங்கே போனால் புதிதாகக் குடிவந்தவர் என்ன செய்வார் என்பது அவரவர் மனசு. வீடு மாறினால் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கடிதத்தின் இரண்டாவது பிரதியில் 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) முத்திரை வாங்கி உங்கள் ஃபைலில் வையுங்கள். அடிக்கடி வீடு மாறும் குடும்பம் என்றால், சொந்த வீட்டில் இருக்கும் மாமனார் மாமியார் முகவரியைக் கடிதப் போக்குவரத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கவுண்டரில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கடப்பிதழ். இந்தியக் கடப்பிதழைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். மனு பழைய எண்ணில் இருக்கும். பழையதையும் புதியதையும் சேர்த்து நகல் எடுத்து, எண் மாறியதைத் தெரிவித்துவிடுங்கள். பழைய கடப்பிதழைத் தூக்கிப் போடவே கூடாது.

மூன்றாவது, பெயர். நமக்கே உரிய தலைவலி இது. ஊரில் அப்பா பெயர் முதலெழுத்தாக இருந்தது. கடப்பிதழில் அது விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்தது. இங்கே திருமணச் சான்றிதழில் வேறு வரிசையில் வந்தது. இந்த நிலையில், கடப்பிதழைப் புதுப்பிக்கும்போது கணவர் பெயரையும் சேர்த்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். மனு நிலுவையில் இருக்கும்வரை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே பெயர் வேறுபட்டிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதிச் சத்தியப் பிரமாண ஆணையரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். 'அக்குவான் பெர்கானூன்' என்று கேட்டால் தெரியும். இது 1960-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் வருவது. 'பெசுருஹ்ஜாயா சும்பா' என்று பலகை போட்ட கடைகள் நகரில் நிறைய உண்டு.

படி 4: கையில் இருக்கும் பாஸ் காலாவதியாகக் கூடாது

பி.ஆர் மனு நிலுவையில் இருக்கிறது என்பது நாட்டில் தங்குவதற்கான அனுமதி ஆகாது. நீண்டகால சமூக வருகை பாஸை வழக்கம்போலப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். பாஸ் முடிந்தும் தங்கினால் 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு பாயும்: குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். பி.ஆர் கனவும் அதோடு போச்சு. கடப்பிதழ் முடியும் தேதியையும் சேர்த்தே பாருங்கள். அது குறைவாக இருந்தால் பாஸும் குறைவாகத்தான் கிடைக்கும்.

படி 5: நேரில் போய்க் கேளுங்கள்

மனுக் கொடுத்த அலுவலகத்துக்கே போங்கள். கோலாலம்பூரில் கொடுத்திருந்தால் பெரும்பாலும் ஜாலான் டூத்தா பக்கம் இருக்கும் உள்துறை அமைச்சு வளாகம். சாலையின் பெயர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் என்று எப்போதோ மாறிவிட்டது, நம் வாயில்தான் மாறவில்லை. கோப்பு தலைமையகத்துக்குப் போயிருந்தால் புத்ராஜெயா, இரண்டாம் பிரிசிங்ட். கே.எல் சென்ட்ரலிலிருந்து கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலில் புத்ராஜெயா போய், அங்கிருந்து கிராப் எடுக்கலாம்.

வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். மதிய இடைவேளை 12.15 முதல் 2.45 வரை. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், தைப்பூசமும் அதையொட்டியே வரும்; அந்த வாரங்களில் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அரைக்கால் சட்டை, சிலிப்பர், கையில்லாத சட்டை போட்டுப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மலேசியரான கணவனோ மனைவியோ கூட வருவது நல்லது, ஏனென்றால் ஆதரவாளர் அவர்தான்.

கவுண்டரில் "எப்போது கிடைக்கும்?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இப்படிக் கேளுங்கள்: கோப்பு இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது? ஏதாவது ஆவணம் குறைகிறதா? பதிவில் இருக்கும் முகவரியும் தொலைபேசி எண்ணும் சரியா? 'டாலாம் புரோசெஸ்' என்றால் இன்னும் பரிசீலனையில். 'லூலூஸ்' என்றால் கிடைத்துவிட்டது. 'கேஐவி', அதாவது இப்போதைக்கு நிறுத்தி வைப்பு, என்று சொன்னால் விடாதீர்கள், எதற்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பணிவாகக் கேளுங்கள். அன்றைய தேதியையும் சொன்ன பதிலையும் வெளியே வந்ததும் எழுதி வையுங்கள்.

படி 6: எழுத்தில் கேளுங்கள்

மலாயில் ஒரு பக்கக் கடிதம் போதும். தலைப்பு 'பெர்மொஹோனான் செமாக்கான் ஸ்தாத்தூஸ் பெர்மிட் மாசோக்', அதாவது நுழைவு அனுமதி மனுவின் நிலையை அறியும் வேண்டுகோள். கீழே பெயர், கடப்பிதழ் எண், கோப்பு எண், மனுக் கொடுத்த தேதி, ஆதரவாளரின் ஐசி எண். சொந்தக் கஷ்டத்தை மூன்று பக்கத்துக்கு எழுதினால் கோப்பு எண் அதற்குள் தொலைந்துவிடும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை ஃபைலில் போடுங்கள். வாரா வாரம் எழுதுவதில் பயனில்லை.

கடிதங்களுக்குப் பதிலே இல்லையென்றால் 'சிஸ்பா' என்ற அரசாங்கப் புகார் முறையில் இணையம் வழியாகப் பதியலாம். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் விசாரணைக் கடிதம் கேட்கலாம். கோப்பு எங்கே என்று கேட்க அது உதவும், முடிவை மாற்றாது.

"உள்ளே ஆள் இருக்கு, கொஞ்சம் செலவாகும்" என்று வருபவரிடம் கோப்பு எண்ணைக்கூடச் சொல்லாதீர்கள். லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். சிக்கினால் மனுவும் கெட்டு, வழக்கும் வரும்.

படி 7: பதில் வந்த பிறகு

நிராகரிப்பு என்றால், மேல்முறையீடு செய்ய முடியுமா, எவ்வளவு நாளுக்குள் என்று அந்தக் கடிதத்தோடு உடனே போய்க் கேளுங்கள். ஒப்புதல் என்றால், கடிதத்தில் உள்ள கெடுவுக்குள் கட்டணம் கட்டி பெர்மிட்டைப் பெற்று, அப்புறம் ஜேபிஎன் போய் மைபிஆருக்குப் பதியுங்கள். ஊருக்கு டிக்கெட் போடும் முன், பி.ஆர் வைத்திருப்பவர் வெளிநாடு போய்த் திரும்பத் தேவையான மறுநுழைவு அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.