முதல் விரதமே மூன்று நாளா?

ஒவ்வொரு ஜனவரியிலும் யாராவது ஒருவர் "நாளையிலிருந்து ஃபாஸ்டிங். முதல்ல மூணு நாள் வெறும் தண்ணி" என்று அறிவிப்பார். நானும் அந்த வழியில் போய்த் திரும்பியவன் என்பதால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை. காபியில் சர்க்கரை கூடாது, விரதம் முடிந்ததும் பஜ்ஜி கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

நீண்ட விரதத்தில் தொடங்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். இரவு 8 மணிக்குக் கை கழுவினால் மறுநாள் மதியம் 12 மணிக்குச் சாப்பாடு. 16 மணி நேர விரதம் என்பது இவ்வளவுதான், தினசரிப் பழக்கம். பத்தரை மணிக்கு ஆபீஸில் வடை வரும்போது என்ன செய்வது என்பதை மூன்று நாள் பட்டினி கற்றுத் தராது.

ஆனால் எடை இறங்கும். அதுதான் வம்பே. கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) இருக்கும், தசைகளில் அதைப்போல் நாலைந்து மடங்கு. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் கல்லீரல் கையிருப்பு ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்து, கூடவே தண்ணீரும் போகும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளும். "மூணு கிலோ போச்சு" என்று துள்ளுகிறவருக்கு, இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டதும் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இப்படித்தான் தொடங்கினார். லிட்டர் லிட்டராகத் தண்ணீர், உப்பு துளியும் இல்லை. இரண்டாம் நாள் இரவு தலைவலி. மூன்றாம் நாள் காலை பாத்ரூமில் எழுந்தவர் கதவைப் பிடித்தபடியே சரிந்தார். புருவத்தில் தையல். அண்ணி அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "இனிமே எட்டு மணிக்கு இட்லி சாப்பிடாம வாசல் தாண்டக் கூடாது." 12 மணி நேரத்தில் தொடங்கியிருந்தால் வீட்டில் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

இதைச் சொன்னால் ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியரியை இழுப்பார்கள். 1965இல் தொடங்கி 382 நாள் உணவில்லாமல் இருந்தவர். உண்மைதான். ஆரம்பத்தில் அவர் எடை 207 கிலோ. டண்டீ மருத்துவமனை டாக்டர்கள் ரத்தத்தைப் பரிசோதித்து, வைட்டமினும் இடையில் பொட்டாசியமும் கொடுத்துவந்தார்கள். தொப்பை குறைக்க நினைக்கும் 78 கிலோ தம்பிக்கு இவரா முன்னுதாரணம்? அடுத்து, 'விரதத்துக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது' என்ற கதை. 2016இல் ஜப்பான் விஞ்ஞானி ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது ஆட்டோஃபேஜி, அதாவது செல் தன் பழைய பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்துவது, எப்படி இயங்குகிறது என்று கண்டதற்கு, அதுவும் ஈஸ்ட் செல்களில். தண்ணீர் விரதத்துக்கு அல்ல.

மாத்திரையோடு விளையாடுவது

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தள்ளக் கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையில் வேறு சிக்கல்: சர்க்கரை பார்க்கும் மீட்டர் பெரிதாக ஒன்றும் காட்டாதபோதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள்

வேண்டாம்.

நேராகப் பிரியாணி

ஏகாதசி இருப்பவர்கள் மறுநாள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகப் பாரணை செய்வார்கள். நோன்பு திறப்பவர்களுக்குப் பேரீச்சம்பழமும் கஞ்சியும். நம் ஆட்கள்தான் நேராகப் பிரியாணிக்குப் போகிறார்கள். ஒரு நாள் விரதம் என்றால் வயிற்றுப் பொருமலோடு போகும். ஐந்து நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாதவர் திடீரென்று மாவுச்சத்தை ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து, இதயத் துடிப்பே தடுமாறலாம்.

சரி, எப்படித் தொடங்குவது?

முதல் இரண்டு வாரம் இரவு 8 முதல் காலை 8 வரை. அப்புறம் காலை உணவை அரை மணி அரை மணியாகத் தள்ளுங்கள். 14 மணி நேரத்தில் நின்றுவிட்டாலும் குற்றமில்லை. தலை சுற்றினால் கடிகாரத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிடுங்கள்.